பொட்டு வைத்த நட்சத்திர மீன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் மறந்துபோகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, சாரல் விழுந்தாலும் குற்றாலம் போவதில்லை. தென்காசி வீட்டின் முன்னறையில் ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். இரண்டு முழ நீளம்தான். உப்புப்பொடி கரைத்த தண்ணீர், இரண்டு மீன், கல்லில் ஒட்டி வளரும் உயிர்ப் பவளம் ஒன்று. விரல் அகலத்தில் வந்தது, இப்போது உள்ளங்கை அளவு. காலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் பூவாக விரியும். பேச்சு குறைந்துபோன மனிதர் அதைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

இந்தச் சாரலில் அவருக்கு நட்சத்திர மீன் மேல் ஆசை வந்தது. மகன் வெளியூரில். நான்தான் வளர்ப்புமீன் கடைக்குப் போகவேண்டும்.

"ஏட்டி, பவளத்தத் திங்காததாப் பாத்து வாங்கிட்டு வா," என்றார்.

கத்தரிக்காய் என்றால் காம்பைப் பார்த்து எடுத்துவிடுவேன். இதில் எதைப் பார்ப்பது? கடையில் மூன்று விதம் இருந்தது. முதுகில் கறுப்பு முட்டு முட்டாக ஒன்று, நல்ல நீலத்தில் ஒன்று, சின்ன வட்ட உடம்பும் பாம்புபோல நெளியும் கைகளுமாகக் கறுப்பில் ஒன்று. என் கண் நீலத்திலேயே நின்றது. வாய் திறக்கக் கூச்சம். ஆனாலும் அந்தப் பவளத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்து, சின்னத் தொட்டி, பவளம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"அந்த முட்டு வச்சது பவளத்தத் தின்னுபுடும் ஆச்சி," என்றார் கடைக்காரர். "நீலத்துக்கு உங்க தொட்டி பத்தாது, பட்டினி கெடந்தே செத்துரும். இந்தக் கறுப்பன் மீன் விட்ட மிச்சத்தத் தின்னுட்டுக் கல்லடியில கெடப்பான்."

இதே சாதியில் பச்சை நிறத்தில் வருவது மீனையே பிடிக்கும் என்றும் சொன்னார். பையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைப் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். கறுப்பையே வாங்கினேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டுத்தான் புழங்குவோம். மிக்ஸிக்கும் அப்படித்தான் செய்தேன். பைக்கும் நான்கு பக்கமும் பொட்டு வைத்து, அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டேன்.

சிவப்பு நூல்நூலாகத் தண்ணீரில் இறங்கியது. பையை வெளியே எடுத்துவிட்டு, சிவந்த தண்ணீரைக் கிண்ணத்தால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். அதற்குள் பவளம் சுருங்கிவிட்டது.

"நட்சத்திரத்துக்குப் பொட்டு வச்சு அழைச்சியாக்கும்," என்று அவர் பாதி வாயால் சிரித்தார்.

கடைக்கு ஃபோன் போட்டுக் கேட்டு, உப்புத்தண்ணீர் புதிதாகக் கலக்கிப் பாதியை மாற்றினோம். நட்சத்திரத்தைப் பதமாகத் தொட்டியில் விட்டதும் கல்லடிக்குப் போய்விட்டது. மறுநாள் பவளம் விரியவில்லை. அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் ஒரு ஓரம் விரிந்தது. மறு ஓரம் இன்னும் வெளுத்தே இருக்கிறது. குங்குமத்தால் சுருங்கியதா, நான் எடுத்துவந்த நட்சத்திரமே சரியில்லையா, தெரியவில்லை. கடைக்காரர் சொன்னதை நான் மாற்றி எழுதியிருக்கவும் கூடும். இதை நம்பி யாராவது வாங்கி அவர்கள் பவளமும் போய்விடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள்.