கடைக் காப்பியை நிறுத்திய பெயிண்டர்

யாரோ ஒருத்தர் வீட்டிலேயே மெஷினில் எஸ்பிரெசோ காப்பி போட்டுக் குடித்து, மிச்சம் பிடித்த காசில் ஒரே வருஷத்தில் பழைய கார் வாங்கிவிட்டாராம். பெயிண்டரிடம் இதைச் சொன்னது அவருடைய சகலை. சகலைக்குச் சொன்னது முடிவெட்டுகிறவர். காரை இருவருமே பார்த்ததில்லை.

தெருமுனைக் கடையில் தினமும் இரண்டு கப் எஸ்பிரெசோ குடிக்கும் பெயிண்டருக்கு அதுவே போதும். மறுநாளே மெஷின் வந்துவிட்டது. அப்புறம் கொட்டை அரைக்க ஒன்று, பொடி நிறுக்கத் தராசு ஒன்று.

"இனிமே கடைக்காரர் தலையில துண்டுதான்," என்றார்.

"அது உங்க தலையில விழாம பாத்துக்குங்க," என்றாள் மனைவி.

முதல் வாரம் கசந்தது, அடுத்த வாரம் புளித்தது, மூன்றாவது வாரம்தான் காப்பி நாக்குக்குப் பிடித்தது. மெஷின் காசு ஐந்தே மாதத்தில் திரும்பிவிடும். ஆனாலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். மூன்று வாரமாக ஒரு சுவர்கூடக் கிடைக்கவில்லை. கட்டிலுக்கடியில் பிரஷ்கள் விறைத்துக் கிடந்தன.

"மேஸ்திரி கூப்பிடவே மாட்டேங்கிறார்."

"முன்னாடி மட்டும் போன் போட்டா கூப்பிட்டார்?"

"இல்ல, ஆறரைக்குக் கடைக்கு வருவார். நின்னுக்கிட்டே குடிப்பார். பக்கத்துல நிக்கிறவங்கள்ல நீ வா, நீ வான்னு..." சொல்லிக்கொண்டே மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அந்த ரெண்டு கப்பு செலவில்லைங்க. தூண்டில்ல மாட்டுற புழு. அதைப் போய் மிச்சம் பண்ணியிருக்கீங்களே!"

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். கடையில் மேஸ்திரி இல்லை.

"வாங்க முதலாளி!" என்றார் கடைக்காரர். "வீட்லயே காப்பிக் கடை வெச்சிட்டீங்களாமே?"

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. காலையில மேஸ்திரி உங்களைக் கேட்டார், நாங்களும் அதையே சொல்லிட்டோம். பெரிய ஆஸ்பத்திரி, நாலு மாச வேலையாம். இன்னும் ஒரு ஆள் குறையுதுன்னார். எட்டு மணிக்கு வண்டி கிளம்பிடும், சீக்கிரம் போன் போடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் எட்டாக நான்கு நிமிஷம். பெயிண்டர் எண்ணை அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். கேட்காமலேயே கடைக்காரர் ஒரு எஸ்பிரெசோவை அவர் முன் நகர்த்தினார். கை அதன் பக்கம் போகவில்லை. காதோடு ஒட்டிய போனில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.