ஆட்டுப்பால் குடித்த காட்டுப்பூனை

சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் எனக்குப் பூனை டீச்சர் என்று பெயர். நான் டீச்சரும் இல்லை, பூனை வளர்ப்பவளும் இல்லை. காட்டுயிர்களுக்காக வேலை செய்கிற ஒரு சின்ன அமைப்பு எனக்குச் சம்பளம் கொடுத்து, நம் பக்கத்து ஓடைகளிலும் தோட்டங்களிலும் வாழ்கிற காட்டுப்பூனைகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசச் சொல்லியிருக்கிறது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற ஒரு தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். காலையில் தோள்பையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். குருவிகுளம் பக்கம் ஒரு நாள், இளையரசனேந்தல் பக்கம் ஒரு நாள் என்று போய்க்கொண்டிருக்கிறது பிழைப்பு.

காட்டுப்பூனைக்கு மவுசு கிடையாது. படத்தைப் போட்டதும் பிள்ளைகள் "மேடம், புலி எப்ப வரும்?" என்று கேட்பார்கள். "வராது, இன்றைக்குப் பூனை மட்டும்தான்" என்றால் பாதி வகுப்பு அப்போதே ஜன்னலுக்கு வெளியே போய்விடும். பெரியவர்களிடம் பேசினால், கோழி பிடிக்கிற சனியனுக்கு என்ன வக்காலத்து என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அது எலியைத்தான் அதிகம் தின்னும், கோழிக்கூட்டைச் சாயங்காலமே அடைத்து வையுங்கள், விஷம் வைக்காதீர்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வேன். எல்லாம் முடிந்து காபி வரும்போது பெண்கள் யாராவது, "உங்களுக்கு எத்தன பிள்ளைய?" என்று ஆரம்பிப்பார்கள். கல்யாணமே பண்ணவில்லை என்பேன். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு மாதிரி கனிவாகப் பேசுவார்கள். பூனைக்குத் தராத கனிவை எனக்கு எதற்குத் தருகிறார்கள் என்று எரிச்சலாக வரும்.

பகல் முழுக்கப் பேசுகிற ஆளுக்கு வீட்டில் பேச ஆளில்லை. தறிச் சத்தம் இருக்கிறது. அதற்குப் பழகிவிட்டேன். தறி ஓடாத நாட்களில்தான் வீடு தாங்காது. தனியாக இருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். பழக்கம் வேறு, பிடிப்பது வேறு.

மாசி மாதம், மக்காச்சோளம் அறுக்கிற சமயம். ஒரு மத்தியானம் இளையரசனேந்தல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், எங்க ஊருக்கு வந்து பூனப் படம் காட்டுனியள்லா? அன்னைக்கு முன்னால உக்காந்து கேட்டேன். இங்கன ஒரு குட்டி இருக்கு. உடம்பெல்லாம் வரி. ஆட்டுக்கிட்ட பால் குடிக்கி."

"யாருகிட்ட?"

"ஆட்டுக்கிட்ட மேடம். சீக்கிரம் வாங்க, இவிய நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ."

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். ஊருக்கு வெளியே வேலிமுள் அடைத்த ஆட்டுத் தொழுவம். அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் ஆடு வளர்க்கிறவர்கள். தொழுவத்து மூலையில் ஒரு கறுப்புப் பெட்டை ஆடு நின்றது. அதன் மடிக்குக் கீழே, முன்னங்கால்களைத் தூக்கி நின்றுகொண்டு, கோடு போட்ட ஒரு காட்டுப்பூனைக் குட்டி சப்பிக்கொண்டிருந்தது. ஆடு திரும்பித் திரும்பி அதன் வாலை நக்கியது. என் வேலையில் நான் பார்க்காத காட்சி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன் பக்கத்துப் புஞ்சையில் மெஷின் வந்து சோளம் அறுத்திருக்கிறது. மெஷின் நெருங்கியதும் தாய்ப்பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடையைப் பார்த்து ஓடியிருக்கிறது. இன்னொன்று அறுத்த சோளத்தாளுக்குள் கிடந்து கத்தியிருக்கிறது. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து அவள் புருஷன் எடுத்து வந்துவிட்டார். அந்தக் கறுப்பாடு ஈன்ற குட்டி செத்து, மடியில் பால் கட்டிக்கொண்டு, அது ராவும் பகலும் கத்திக்கொண்டிருந்ததாம். ஆட்டுக்காரர்கள் தாயில்லாத குட்டியை வேறு ஆட்டிடம் சேர்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டின் பாலையே கறந்து குட்டியின் தலையிலும் வாலடியிலும் தடவி விடுவது. ஆடு மோந்து பார்க்கும், தன் வாடை அடிக்கும், பால் கொடுத்துவிடும். அதையே பூனைக்குட்டிக்கும் செய்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இது பூனை. ஆட்டுக்குட்டி இல்ல."

"அது ஆட்டுக்குத் தெரியலயே மேடம்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"தாய்ப்பூனை ஒவ்வொரு குட்டியாத்தான் தூக்கிட்டுப் போகும், திரும்ப வரும், எடுக்காதியனு மேடம் சொல்லிருக்காவனு தலபாடா அடிச்சிக்கிட்டேன்" என்றாள் மனைவி. கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் நான் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வனத்துறை அலுவலகத்துக்குப் பேசினேன். தாய் பக்கத்தில் இருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுப் பாருங்கள், எடுக்காவிட்டால் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்றார்கள். ஒப்படைத்தால் அதற்குக் கூண்டுதான். வேட்டையாடச் சொல்லித்தரத் தாயில்லாத குட்டியைத் திரும்ப ஓடையில் விட முடியாது. ஆயுசு முழுக்கக் கம்பிக்குள் இருந்து யாரோ போடுகிற கறியைத் தின்ன வேண்டியதுதான்.

அன்று சாயங்காலமே அட்டைப்பெட்டியில் வைத்து, அறுத்த புஞ்சையின் ஓடைக்கரை ஓரத்தில் விட்டோம். சீமைக்கருவேலப் புதர் அங்கேதான் தொடங்குகிறது. எல்லோரும் தள்ளிப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஊரே வரப்பில் வந்து செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றது. கல்யாண வீட்டு வீடியோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். கத்திப் பார்த்தேன். கத்தியதையும் வீடியோ எடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தாய் வந்தது. ஆனால் வந்தது கறுப்பாடு. கயிற்றை அறுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து பெட்டியில் தலையை விட்டுக் கனைத்தது. உள்ளேயிருந்து பூனைக்குட்டி பதில் கொடுத்தது. ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டி அந்த ஆட்டைத் தாய் என்றே நினைக்க ஆரம்பித்துவிட்டது.

ஆட்டின் பக்கத்தில் இன்னொரு ராத்திரி வைத்திருக்கக் கூடாது. வனத்துறைக்குத் திரும்பப் பேசினேன். ராத்திரி நீங்களே வைத்திருங்கள், நாளை ஒரு சாயங்காலம் பாருங்கள், அதோடு சரி என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பெட்டியில் காற்றுக்குப் போட்டிருந்த ஓட்டைகளைக் கண்டக்டர் பார்த்துவிட்டு, கோழிக்குஞ்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டில் நான் செய்ய வேண்டியது எனக்கு மனப்பாடம். ஊர் ஊராகச் சொல்வதுதானே. வெறுங்கையால் தொடக்கூடாது. பெயர் வைக்கக்கூடாது. கொஞ்சக்கூடாது. முக்கியமாகப் பேசக்கூடாது. மனுசக் குரலில் சோறும் பாதுகாப்பும் இருக்கிறது என்று பழகிவிட்டால், நாளைக்கு அது விஷம் வைக்கிறவன் வாசலிலும் போய் நிற்கும். பெட்டியைச் சின்ன அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அன்றைக்குத் தறியும் ஓடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அது கூப்பிட்டது. இந்தப் பக்கம் தரையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அது கூப்பிட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அதற்குத் தோன்றியிருக்கும். "ஏட்டி, இங்கனதான் இருக்கேன்" என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெட்டையா கடுவனா என்றுகூட அப்போது பார்க்கவில்லை. ஆனாலும் ஏட்டி என்றுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டில் என்னைக் கூப்பிட்டு ஒரு உயிர் கத்தி எவ்வளவோ காலமாகிறது. அது என்னைக் கூப்பிடவில்லை, ஆட்டைக் கூப்பிட்டது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

காலையில் கையுறை மாட்டிக்கொண்டு, பொடியாக நறுக்கிய கோழிக்கறியை ஒரு குச்சியில் குத்தி நீட்டினேன். முதலில் சீறியது. பிறகு பிடுங்கித் தின்றது. தின்ற களைப்பில் என் கையுறையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. காது நுனியில் கறுப்பு மயிர் லேசாகத் துருத்த ஆரம்பித்திருந்தது. கையை எடுக்க வேண்டும். எடுத்தேன். ஆனால் உடனே எடுக்கவில்லை.

அந்தப் பகல் பூராவும் எனக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே இருந்தார். ஆட்டு வாடை அடிக்கிற குட்டியைத் தாய் எடுக்காது. எடுக்காவிட்டால் கூண்டு. கூண்டைவிட இந்த வீடு மோசமா? மாடி இருக்கிறது, வெயில் இருக்கிறது, கவனிக்க வேலை தெரிந்த ஆள் இருக்கிறாள். தாய் எடுத்துக்கொண்டது என்று வனத்துறையிடம் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சட்டம் எனக்குத் தெரியாததல்ல. சட்டத்துக்கு மேலே, இப்படி எடுத்து வளர்த்தவர்கள் கதையை எத்தனை ஊரில் சொல்லியிருக்கிறேன். வளர்ந்ததும் கடிக்கும், கட்டிப்போடுவார்கள், அப்புறம் எங்காவது கொண்டுபோய் விடுவார்கள், அது செத்துப்போகும். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகம் வாடும். வாடட்டும் என்றே அழுத்திச் சொல்வேன். அன்று எனக்கு நானே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. நான் நல்ல மாணவியாக இல்லை.

சாயங்காலத்துக்குப் போதுமான நேரம் வைத்துப் புறப்பட்டேன். இந்தத் தடவை ஆட்டுக்காரர் ஊருக்குள் போய் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். சொன்ன விதம் எப்படியோ, ஒரு ஈ காக்கை வரவில்லை. அவர் மனைவி கறுப்பாட்டைத் தன் வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டுக் கதவை அடைத்துக்கொண்டாள். காய்ந்த துணியால் குட்டியைத் துடைத்து, ஓடைப் புல்லைப் பிடுங்கிப் பெட்டியில் பரப்பி, பெட்டியைச் சாய்த்து வைத்தேன். பிறகு தூரத்திலிருந்த கிணற்று மோட்டார் அறைக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில் இறங்கி, தாள் எல்லாம் ஒரே நிறமாகிற நேரம். புதரிலிருந்து தாய்ப்பூனை வெளியே வந்தது. உயரமான கால்கள், குட்டை வால். நிற்கும், கேட்கும், பிறகு நடக்கும். பெட்டிக்கு வந்து குட்டியை மோந்தது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கியது. திரும்பவும் மோந்தது. திரும்பவும் விலகியது. பிறகு புதருக்குள் போயே விட்டது.

அந்த நிமிஷம் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எட்டிப்பார்த்தது நிஜம். குட்டி பெட்டியிலிருந்து வெளியே வந்து அறுத்த புஞ்சையில் தனியாக நின்று கத்தியது. கேட்கச் சகிக்கவில்லை. வா, வந்து எடுத்துக்கொண்டு போ என்று நான் புதரைப் பார்த்து மனசுக்குள் கெஞ்ச ஆரம்பித்தேன். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டையான, தொண்டைக்குள்ளேயே நிற்கிற சத்தம். குட்டி கத்துவதை நிறுத்தியது. திரும்ப அந்தச் சத்தம். குட்டி ஓடியது. தாளில் இடறி விழுந்து, எழுந்து, நேராகப் புதரைப் பார்த்து ஓடியது. ஓரத்துக்கு வந்த தாய் அதைக் கழுத்தில் கவ்விக்கொண்டு உள்ளே போனது.

நன்றாக இருட்டுவதற்கு முன் ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் ஊர் எல்லையில் காவல் நின்றுகொண்டிருந்தார். மனைவி கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே கறுப்பாடு கத்திக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டாளா?"

"எடுத்துட்டா."

"இது இன்னும் ரெண்டு நாள் தேடும்" என்று ஆட்டைக் காட்டினாள். "அந்தக் குட்டி இத தேடுமா?"

"தேடாது."

"உங்கள?"

"என்னை எதுக்குத் தேடணும்? தேடக் கூடாது. தேடினா நான் வேலைய ஒழுங்காச் செய்யலன்னு அர்த்தம்." கூட்டத்தில் பேசுகிற குரல் தானாகவே வந்துவிட்டது. குரலைக் கேட்டுப் பழகினால் என்ன ஆகும் என்பதையும் விளக்க ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவள் எப்போதுமே கேட்கிறவள்.

"போவையில ஒரு தடவ கூடத் திரும்பிப் பாக்கலியா?"

"பாக்கல."

"நல்லதுதான்" என்றாள். பிறகு மேடம் என்பதை விட்டுவிட்டுக் கேட்டாள். "ஆனா பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்லா அக்கா?"

எத்தனையோ ஊரில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆடு கத்துவதை நிறுத்தவில்லை.

"நல்லா இருந்திருக்கும்" என்றேன்.