நாலு டைமனுக்கு ஒரு பாஸ்

கைலாசத்தின் மனைவி பிரம்மநாயகி ஆழ்வார்குறிச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. வருஷக்கணக்கான வேண்டுதலுக்குப் பிறகு ப்ரியாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பள்ளிக்கூட வேலையையும் விட முடியாது. அம்மாதான் துணை. கைலாசமும் கூடப் போயிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. பாளையங்கோட்டையில் ஒற்றை ஆளாகத் தங்கிவிட்டார்.

அந்தத் தனிமைக்கு மருந்து பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டம். மின்வாரிய இன்ஜினியராகப் பாபநாசம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, நாலாவது கைக்கு ஆள் இல்லையே என்று புதுப்பெண்டாட்டிக்குச் சீட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவள் அவரையே மிஞ்சிவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஜோடி. இப்போது அவர் இங்கே, அவள் அங்கே, ஆளுக்கொரு செல்போன். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆட்டம் தொடங்கிவிடும்.

எதிரணிக்கு ரிச்சர்ட். உவரிக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அடுத்த தெருவில் குடியிருந்தார். கைலாசத்தின் வீட்டுக்கே வந்து, போனை வைத்துக்கொண்டு ஆடுவார். அவருக்கு ஜோடி கிடைக்காததால் ஆப் ஒரு ரோபோவைக் கொடுத்திருந்தது. ரோபோ சீட்டைப் போடுவதில் கெட்டி. அதற்கு முன் நடக்கும் ஏலத்தில்தான் கோட்டைவிடும்.

எது துருப்பு, எத்தனை பிடி என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். ஜோடிக்குக் கைச்சீட்டைக் காட்டக் கூடாது. கேட்கிற கேள்வியிலேயே கையைச் சொல்லிவிட வேண்டும். ஜோடி 'ஒரு இஸ்பேடு' என்றதும் நாம் ஒரேயடியாக 'நாலு டைமன்' என்று தாவினால், 'என்னிடம் டைமன் ஒன்றுகூட இல்லை; உன் இஸ்பேடுக்கு நான் பலம்; துணிந்து மேலே போ' என்று அர்த்தம். ரோபோவுக்கு அது புரியாது. டைமன் நிறைய வைத்திருக்கிறார் போலும் என்று, மேற்கொண்டு ஏலம் கேட்காமல் பாஸ் போட்டுவிடும். கையில் இல்லாத டைமனைத் துருப்பாக வைத்துக்கொண்டு ரிச்சர்ட் முழிப்பார்.

"நல்லா நாலு வார்த்தை வைய வேண்டியதுதான வே?" என்று கைலாசம் சீண்டுவார்.

"இது மாப்பிள்ளை மாதிரி வே. என்ன தப்புப் பண்ணினாலும் சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கணும்" என்பார் ரிச்சர்ட்.

அந்த வாரம் பிரம்மநாயகியின் கேள்விகள் ஒரு மாதிரியாக இருந்தன. துணிய வேண்டிய இடத்தில் பதுங்கினாள். பதுங்க வேண்டிய இடத்தில் ஏறினாள். ஆட்டம் முடிந்ததும் வரும் போனும் வரவில்லை. கைலாசம் கூப்பிட்டால், "அம்மா தூங்குதாப்பா", "பிள்ளைய வச்சிருக்காப்பா" என்று ப்ரியாதான் பேசினாள்.

அன்று பிரம்மநாயகி பெயரில் 'ஒரு இஸ்பேடு' வந்தது. கைலாசத்தின் கையில் டைமன் ஒன்றுமில்லை; இஸ்பேடு நிறைய. உற்சாகமாக 'நாலு டைமன்' என்று தாவினார்.

பாஸ்.

கைலாசத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏளா, புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

எதிரணியின் தோல்வியில் துள்ளிக் குதிக்கிற ரிச்சர்ட் அன்று சிரிக்கவில்லை. போனை மெல்லக் கீழே வைத்தார்.

"வே கைலாசம்... இது தங்கச்சி இல்ல வே."

"பின்ன யாரு? அவ பேருதான போட்டிருக்கு?"

"பேரு மாறாது. ஆட்டத்தைத் தெறந்து வச்சிட்டு ஆள் எந்திரிச்சுப் போயிட்டா, அந்த எடத்துல ரோபோவை உக்கார வச்சிரும். எங்கூட ஆடுததும் இதே பாஸைத்தான போடும்? தங்கச்சி போடுமா?"

போடமாட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடமாட்டாள். அப்படியென்றால் இத்தனை நாளும் அவள் இடத்தில் ஆடியது ரோபோவா? அவள் எங்கே? கைலாசம் ஆட்டத்தை மூடினார். மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, உங்கம்மா எங்க?"

"தூங்குதாப்பா..."

"பொய் சொல்லாத. அவ எங்க?"

மறுமுனையில் ஒரு விம்மல் வெடித்தது. "அம்மாவுக்கு வயித்துல கட்டிப்பா. நாளைக்குக் காலைல ஆபரேஷன். போன வருஷந்தான் ஒங்களுக்கு நெஞ்சு வலி வந்துச்சு, முடிஞ்சப்புறம் சொல்லிக்கிடலாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஒங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு நாந்தான் ஆட்டத்தைத் தெறந்து வச்சேன்."

"எந்த ஊரு ஆஸ்பத்திரி?"

"பாளையங்கோட்டைதாம்ப்பா. நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்குல்லா, அதுதான்."

அவர் வாசலிலிருந்து நடக்கிற தூரம்! கைக்கெட்டும் இடத்தில் அவள் வலியோடு கிடந்திருக்கிறாள். அவரோ ஒரு எந்திரத்தை அவளென்று நினைத்துத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். செருப்பைக்கூட மறந்து வெயிலில் இறங்கினார். ரிச்சர்ட் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்காக அவளுடைய மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். அந்த வெறும் மூக்கைப் பார்த்ததும் கைலாசம் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" பிரம்மநாயகியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"ஒன் எடத்துல உக்கார வச்சியளே, அதுதான் காட்டிக் குடுத்துட்டு. நாலு டைமனுக்குப் பாஸ் போட்டுது."

அந்த வலியிலும் அவள் புருவம் சுருங்கியது. "அடப்பாவி! ஆறு இஸ்பேடுல்லா கேக்கணும்?"

"கையப் பாக்காமலே சொல்லுதியே?"

"நீங்க இல்லேன்னு சொல்லிட்டா இல்லதான? அதுக்கு மேல என்னத்தப் பாக்க?"

"அப்ப நீ மட்டும் ஏன் ஒன் கைய எங்கிட்ட மறைச்ச?"

பிரம்மநாயகி கூரையைப் பார்த்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கோடு காதுவரை இறங்கியது.

"ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்?" என்றாள்.

நர்ஸ் வந்து, கூட ஒருத்தர்தான் இருக்கலாம் என்றாள். ப்ரியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கட்டிலின் பக்கவாட்டில் கிடந்த ஸ்டூலைக் கைலாசம் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டார். ஜோடி உட்கார வேண்டிய இடம் எதிரேதான். அவள் முகம் நேராகத் தெரியும்படி உட்கார்ந்துகொண்டார்.