பொன்னாடை போடாத கை

பேராசிரியர் வித்தியாபதியின் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு விருது உண்டு. வலிகாமத்துக் கிணறுகளின் தண்ணீரை ஆராய்ந்தே ஆயுளைக் கழித்த மனிதர் அவர். அவர் போன பிறகு வந்த சேமலாப நிதிப் பணம் முழுவதையும் கொடுத்து அந்த விருதை நிறுவியவள் அவருடைய மனைவி கமலாசனி. இணுவிலிலிருந்து பஸ் ஏறிப் போய், கடை கடையாக அலைந்து ஆண்டுதோறும் பொன்னாடை வாங்குபவளும் அவள்தான். ஆனால் விழாவில் அதைப் போர்த்துவது அவளுடைய தமையன் நடராசா. கணவனை இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னே வரக்கூடாதாம்.

“என்ரை மனுசன்ரை பேரிலை குடுக்கிற விருதுக்கு என்ரை கை ஆகாதோ?” என்று வீட்டுக்கு வந்து சட்டி பானையோடு சண்டை பிடிப்பாள். தமையனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு விருது, கிணற்று நீரில் உரம் கலப்பதை ஆராய்ந்த விரிவுரையாளர் றிஸ்னாவுக்கு. பெயரை வாசித்ததும் றிஸ்னா மேடை ஏறவில்லை. நேரே முன்வரிசைக்கு வந்து கமலாசனியின் முன்னால் நின்றாள்.

“அன்ரி, நீங்கள் போட்டால்தான் எனக்குச் சந்தோசம்.”

நடராசா மேடையிலிருந்து இறங்கி வந்து பொன்னாடையைத் தங்கையிடம் நீட்டினார். மண்டபமே கைதட்டியது. கமலாசனி எழுந்து அதை விரித்தாள். அப்போதுதான் றிஸ்னாவின் மேடிட்ட வயிறு கண்ணில் பட்டது. விரித்த கை அப்படியே நின்றது.

“வேண்டாம் பிள்ளை,” என்றாள், பொன்னாடையை மெல்ல மடித்தபடி. “வயித்திலை பிள்ளையோடை நிக்கிறாய். அண்ணையே போடட்டும்.”