ரஷ்யா போக நினைத்து, கொட்டாஞ்சேனையோடு திரும்பினேன்

இந்த வருடம் ரஷ்யா போவதாக இருந்தேன். மொஸ்கோவும் பீற்றர்ஸ்பேர்க்கும், மொத்தம் எட்டு நாட்கள். எங்களைக் கூட்டிப்போக இருந்த பயண முகவர், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு காலை கூட்டம் வைத்திருந்தார். ரஷ்ய வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லதாம். நான் இருபது வருடம் வரலாறு படிப்பித்தவள். அப்படியொரு கூட்டத்தை விடுவேனா? ரஷ்யா பற்றிக் கேட்டு எழுதிய வாசகர்களே, என் பயணம் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைதான் போனது. ஆனாலும் வாசியுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டை நிலையத்துக்குக் கடலோர ரயிலில் போங்கள், காற்றாவது கிடைக்கும். ஞாயிறுகளில் ரயில் குறைவு. கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன்.

"தம்பி, மீற்றர் போடுங்கோ."

"மீட்டர் வேலை இல்லக்கா. அறுநூறு தாங்க."

மூன்று கிலோமீற்றருக்கு அறுநூறு ரூபாய்! சண்டை பிடித்து நானூறுக்கு இறக்கினேன். மீற்றர் இல்லாத ஓட்டோவில் ஏறாதீர்கள், ஏறியே ஆகவேண்டுமென்றால் முன்கூட்டியே பேசுங்கள்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். பலமுறை ரஷ்யா போய்வந்த ஒரு கனவான், தங்கக் கோபுரங்களையும் அரண்மனைகளையும் திரையில் காட்டிக்கொண்டே பேசினார். "ரஷ்யாக்காரங்களுக்குச் சுதந்திரம் ஒத்துவராது. அவங்களுக்கு எப்பவும் இரும்புக் கைதான் சரி. நம்ம நாட்டுக்கும் அப்படி ஒருத்தர் வரணும்" என்றார். பலர் தலையாட்டினார்கள். அந்தப் பீற்றர்ஸ்பேர்க்கைச் சதுப்பு நிலத்தில் கட்டப் பிடித்து வரப்பட்டுச் செத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கேள்வி நேரத்தில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்து மைக்கை வாங்கினாள். பெயர் ஸ்டெல்லா, பக்கத்து முகத்துவாரத்துக்காரி என்று பிறகு அறிந்தேன்.

"சேர், என்ட வீட்டுக்காரர் ஹாபர்ல வேலை செஞ்சவரு. ரஷ்யாவுல ஸ்டோர்ஸ் வேலைன்னு ஒரு ஏஜென்ட் அனுப்பினான். போய் இறங்கினதும் ரஷ்ய பாஷையில ஒரு பேப்பர் குடுத்து சைன் வாங்கியிருக்காங்க. அது ஆமி பேப்பர்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சு. சண்டைக்கு அனுப்பிட்டாங்க. மூணு மாசமா போன் இல்ல. நீங்க அடிக்கடி போறவங்க. அங்க யாருகிட்ட கேக்கணும் சேர்?"

ரஷ்யாவை அறிந்த ஒருவர் பேசுகிறார் என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள், பாவம்.

கனவான் சிரித்தார். "தங்கச்சி, இது டூர் போறவங்களுக்கான மீட்டிங். இங்க பொலிட்டிக்ஸ் வேணாம்."

"நான் பொலிட்டிக்ஸ் கேக்கல. அவரு உசிரோட இருக்காரான்னுதான் கேக்குறேன்."

முகவர் கையைக் காட்ட, மைக் நின்றது. அடுத்த படம் திரையில் வந்தது: ஹோட்டலின் காலைச் சாப்பாடு!

நான் எழுந்தேன். வகுப்பறைக் குரலுக்கு மைக் தேவையில்லை.

"சுதந்திரம் ஒத்துவராதோ? முந்தி ரஷ்யாவில நோவ்கொரொட் எண்ட ஊரில சனம் மணி அடிச்சுக் கூடி, தங்கட அலுவலைத் தாங்களே கதைச்சு முடிவெடுத்தவை. ஊரைப் பிடிச்ச மொஸ்கோ அரசன் அந்த மணியைக் கழட்டிக் கொண்டுபோனவன், நீங்கள் இப்ப மைக்கை நிப்பாட்டின மாதிரி. பிறகு பண்ணையடிமைகளைப் பிடிச்சு இருபத்தஞ்சு வருசத்துக்கு ஆமிக்கு அனுப்பினவை. ஊர் சனம் செத்தவீடு மாதிரி அழுதுதான் வழியனுப்பும். அவைக்கெண்டாலும் எங்க போறம் எண்டு தெரியும். இந்தப் பிள்ளையின்ர மனுசனுக்கு அதுவும் தெரியாது!"

முகவர் குறுக்கிட்டார்: "டீச்சர், ஹிஸ்டரி கிளாஸ் வேணாம்."

"ஹிஸ்டரி சொல்லத்தானே எங்களைக் கூப்பிட்டனீங்கள்?"

பயணத்துக்கு நான் வரவில்லை என்று முகவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் பின்னால் வேறு சிலரும் வந்தார்கள். அவர்களில் பொரளையிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணியும் இருந்தார். தெருவோரத்தில் நின்றபடியே அவர் எல்லாவற்றையும் கேட்டறிந்தார்.

ஸ்டெல்லா அழவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், அவங்க அழுது அனுப்பினாங்கன்னு சொன்னீங்களே. நாங்க ஏர்போட்டுல சிரிச்சு, போட்டோ எடுத்துத்தான் அனுப்பினோம்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அந்தச் சட்டத்தரணியோடு மூவருமாக வெளிநாட்டு அமைச்சுக்குப் போனோம். அரை நாள் காத்திருந்து முறைப்பாடு கொடுத்தோம். இதை எழுதும்வரை பதில் இல்லை. ஒரு மனிதனைக் கேட்காமலே போருக்கு அனுப்பலாம் என்ற அந்தப் பழைய திமிர் அரசர்களோடு செத்துப்போகவில்லை. அதைப் பெருமையாகப் பேசுவதற்கு எங்கள் ஊரிலும் ஆள் இருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சுற்றுலாப் போகிறவர்கள் உங்கள் விருப்பப்படி போய் வாருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: ஒப்பந்தத்தைத் தமிழில் கையில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். கடவுச்சீட்டை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். உங்களால் வாசிக்க முடியாத தாளை எவன் நீட்டினாலும், எந்த நாட்டில் நீட்டினாலும், பேனையைத் தொடாதீர்கள்.