கட்டியாகாத சீம்பால்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் நான்கு மாடுகள் வைத்துப் பால் ஊற்றுகிறார் ஒரு பால்காரம்மா. மாடு கன்று போட்டால் முதல் சீம்பால் பதினோரு வீடுகளுக்குப் போகும். எங்கள் வீடு மூன்றாவது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு என் மனைவி ஆவியில் வேகவைத்தால் கத்தியால் வெட்டலாம். எனக்குப் பன்னிரண்டு துண்டு.

போன முறை பிறந்த கன்று ஒன்பதாம் நாள் கழிச்சலில் செத்துப்போனது. பார்க்க வந்த கால்நடை மருத்துவரை நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பிறக்கும்போது கன்றுக்கு நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது, அது முதல் சீம்பாலில்தான் வருகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றார். காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

இந்த முறை காலை ஆறு பத்துக்குக் கன்று விழுந்தது. ஏழேகாலுக்குப் போனேன். கன்று தள்ளாடியபடி மடியைத் தேடுகிறது. பால்காரம்மா அதைத் தனியே கட்டி வைத்திருக்கிறார். நஞ்சுக்கொடி விழும்வரை மடியில் யாரும் வாய் வைக்கக் கூடாதாம். அறுபத்தைந்து நிமிடம் போய்விட்டது என்றேன். கொஞ்சம் பொறுத்து, எழுபது என்றேன்.

"நீங்க மணி சொல்லிக்கினே இருந்தா கொடி வுழுந்துடுமா சார்?"

கன்று குடித்தால் கொடி சீக்கிரமே விழும், அதையும் மருத்துவர் சொன்னார் என்றேன். பால்காரம்மா என் கையைப் பார்த்தார்.

"கன்னுக்குத்தான் மொதல்லன்றீங்க. அப்ப கையில தூக்கு இன்னாத்துக்கு?"

இரண்டு லிட்டர் தூக்கு. பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டேன். சீம்பாலுக்காக என் பின்னால் வந்து நின்ற இரண்டு பேர் தங்கள் பாத்திரங்களை முதுகுப்பக்கம் கொண்டுபோனார்கள். தூக்கைத் தரையில் கவிழ்த்து வைத்து, என் பங்கையும் கன்றுக்கே கொடுத்துவிடச் சொன்னேன். சொல்லும்போது பன்னிரண்டு துண்டும் கண்முன் வந்தன.

"மாட்டுக்கு எதனா ஆச்சு, உங்க வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன்" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். மணி ஏழு ஐம்பத்திரண்டு. பதினெட்டு நிமிடம் மிச்சம்.

கன்று குடித்தது. நூற்று நாற்பது மிடறு வரை எண்ணினேன். அதற்குள் மாடு வாலால் என் கண்ணாடியைத் தட்டிவிட்டது. ஒன்பது மணிக்குக் கொடி விழுந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் எங்களுக்குச் சீம்பால் வந்தது. நீர்த்த பால், கட்டியாகவே இல்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் நான்கு முறை போய்க் கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்தாம் முறை பால்காரம்மா வழி மறித்தார்.

"கன்னு நல்லா கீது சார். உங்கள பாத்தாதான் பயந்து ஓடுது."