ரூமி மஸ்தகியை மென்று பார்த்தவர்கள்

நாட்டு மருந்துக் கடையில் நிற்கிறவனுக்கு ஊரார் முகம் நினைவில் நிற்பதில்லை, வயிறுதான் நிற்கும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். "வாங்க" என்று சொல்லி முடிக்குமுன் வந்தவர் தம் உப்புசத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார். நாமும் சுக்கை இடித்துக்கொண்டே கேட்டுத் தொலைக்க வேண்டும். நான் அப்படி நின்றது திண்டிவனம் கடைத்தெருவில், உலகச் சண்டைக்குக் கொஞ்சம் முன்பிருந்து சண்டை முடிகிற வரைக்கும்.

எங்கள் கடையின் பெருமை ரூமி மஸ்தகி. கடலுக்கு அப்பால் ஏதோ தேசத்தில் மரத்தைக் கீறினால் வடிகிற பிசின் அது. சிறு சிறு துளிகளாக, வெளிர் மஞ்சள் நிறத்தில், பம்பாய் வழியாக டப்பாவில் வரும். சாப்பாட்டுக்கு முன் ஒன்றை மென்றால் நெஞ்செரிச்சல் அடங்கும், உண்டது தங்கும் என்று நம்பி வாங்கிப் போவார்கள்.

பல்லால் பார்க்கிற சரக்கு

மஸ்தகிக்கு உரைகல் பல்தான். அசல் சரக்கு மெல்ல மெல்ல இளகி ஒன்றாகத் திரளும். குங்கிலியத்தைக் கொடுத்து ஏமாற்றினால் வாயில் மணலாக உதிர்ந்துவிடும். அதனால் ஒன்றை மென்று பார்த்துவிட்டு வாங்குவது கடை வழக்கம். இந்த வழக்கத்தை முழுதாக அனுபவித்தவர் ஏழுமலைக் கவுண்டர், திருவக்கரைப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர்.

சந்தை நாள் தவறாமல் வருவார். ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி மெல்லுவார். "அசல்தான்" என்று தீர்ப்புச் சொல்வார். வாங்க மட்டும் மாட்டார். மென்றது போதாதென்று, போகும்போது இன்னொன்றைக் கேட்டு வாங்கி வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள், "பொட்டலம் கட்டட்டுங்களா, இல்ல சும்மா மெல்லத்தான் வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. வழக்கம்போல் கையை நீட்டினார்.

"வயிறு இன்னிக்கி நல்லாத்தான் கீது தம்பி. எதுக்கும் இன்னொண்ணு குடு, வழிக்கு ஆவும்."

தேனும் ராத்திரியும்

மேல்சித்தாமூரிலிருந்து ஒரு நயினார் வந்தார். அந்தப் பக்கத்துச் சமணர்களை நயினார் என்றுதான் சொல்லுவோம். பயிர்க்காரர், அதிகம் பேசாத மனிதர். அவருடைய சம்சாரத்துக்குப் பிள்ளை பெற்றதிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சித் தண்ணீரில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்குத் தாய்ப்பால் வற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டலத்தைக் கொடுத்து, எல்லோருக்கும் ஒப்பிக்கிறதை அவருக்கும் ஒப்பித்தேன்: "பொடி பண்ணி, தேன்ல கொழச்சி, ராத்திரி படுக்கப் போறப்ப குடுங்க." அவர் பொட்டலத்தை மெதுவாகத் திரும்ப வைத்தார். நயினார் வீட்டில் தேனைத் தொடமாட்டார்கள், பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடமாட்டார்கள் என்பது திண்டிவனத்தில் எல்லோருக்கும் தெரியும். என் வாய்க்குத்தான் தெரியவில்லை. முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து, பகல் சாப்பாட்டுக்கு முன் வெறுமனே மென்று மேலே மோர் குடித்தால் போதும் என்று சமாளித்தார். நயினார் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"தேனை வுட்டாச்சி, ராத்திரிய வுட்டாச்சி. பிசினாவது மரத்துலருந்து வந்ததுதானுங்களே?"

விழுப்புரத்து மூட்டை

மருந்து அந்த அம்மாளுக்குக் கேட்டது. கஞ்சியிலிருந்து குழைந்த சாதத்துக்கு வந்தார். அப்போது பார்த்துக் கப்பல் நின்றுபோயிற்று. சண்டை எங்கேயோ நடந்தது, எங்கள் டப்பா திண்டிவனத்தில் காலியாகிக்கொண்டு வந்தது.

விழுப்புரத்தில் ஒரு தரகரிடம் மூட்டையாகவே இருப்பதாகக் கேள்விப்பட்டு முதலாளி என்னை ரயிலேற்றினார். தரகர் உள்ளங்கையில் தயாராக வைத்திருந்த ஒன்றை மென்று பார்க்கக் கொடுத்தார். அசல்தான், நன்றாகத் திரண்டது. கவுண்டரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கெட்ட பழக்கம் வந்திருந்தது போலும், "இன்னொண்ணு" என்று நானே மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து வாயில் போட்டேன். மணல். முண்டியம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே வெறுங்கையோடு திரும்பினேன். கிளம்பும்போது தரகர் கொஞ்சங்கூட வெட்கப்படாமல் சொன்னது இது:

"சண்டை முடியற வரைக்கும் எல்லார் வயித்துக்கும் இதாம்பா மஸ்தகி."

வெற்றிலைப் பை

அடுத்த சந்தை நாள் காலையில் நயினார் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாங்கிப் போனது தீர்ந்துபோய், சம்சாரம் மறுபடியும் கஞ்சித் தண்ணீருக்கே போய்விட்டாராம். முதலாளி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். தூசுதான் விழுந்தது. அந்த நேரத்தில் கவுண்டர் வந்து, வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஒரு பச்சப்புள்ளக்காரி சோறு தங்காம கெடக்குறாங்க, உங்களுக்கு மெல்லணுமா?" என்று கத்திவிட்டேன். கவுண்டர் நயினாரைப் பார்த்தார், என்ன ஏது என்று விசாரித்தார். பிறகு வெற்றிலைப் பையைப் பிரித்து, அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளங்கை நிறைய மஸ்தகி. சிலதில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அத்தனையும் எங்கள் கடைச் சரக்கு, வாரம் ஒன்றாக என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு சேர்த்தது. "வயசாவுது, நாளைக்கி நம்ம வயிறும் கெடும்னு வெச்சிக்கினு இருந்தேன்" என்றார். முடிச்சை என் கையில் தராமல் நேரே நயினாரிடம் நீட்டினார்.

"ஒண்ண மென்னு பாத்துட்டு வாங்கிக்கோங்க நயினாரே. கடைக்காரப் பசங்கள நம்ப முடியாது."

நயினார் மென்று பார்க்கவில்லை. பொழுது சாயுமுன் வீடு போய்ச் சேர வேண்டுமென்று மாட்டை விரட்டினார். மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் அந்த அம்மாளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் சளிக்கு மருந்து கேட்டு வந்தார். குணமாக்கியது மஸ்தகியா, மோரா என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கிப்போய்த் திப்பிலிக்குப் பதில் மிளகை நிறுத்துவிட்டேன்.

ஆகவே தராசுக்குப் பின்னால் நின்று அவதிப்படும் அன்பர்களே, ஓசியில் மெல்ல வருகிறவரை விரட்டிவிடாதீர்கள், கப்பல் நின்றுபோனால் நம்முடைய கிடங்கு அவர் வெற்றிலைப் பைக்குள்தான் இருக்கிறது.